இரண்டு பைட் திருத்தம்

பழைய கம்ப்யூட்டர்களுக்கு கேம் எழுதும் எங்கள் போட்டியின் கெடு முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்ததும் மேஜையை ஒதுக்கி, ரப்பர் பொத்தான் வைத்த பழைய கம்ப்யூட்டரான இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்தை எடுத்து டிவியோடு இணைத்தேன். போனிலிருந்து ஒரு ஒயர் ஸ்பெக்ட்ரத்தின் இயர் சாக்கெட்டுக்குப் போகிறது. அந்தக் காலத்தில் கேசட் பிளேயர் பார்த்த வேலையை இப்போது போன் பார்க்கிறது. போட்டிக்கு வந்த கேமின் ஃபைலை ஒலியாக மாற்றி ஓடவிட்டால் போதும். வால்யூமை மட்டும் கிட்டத்தட்ட முழுசாக வைக்க வேண்டும். குறைந்தால் பாதியில் நின்றுவிடும்.

லோடு கொடுத்தேன். திரையின் ஓரத்தில் முதலில் சிவப்பும் வெளிர்நீலமுமாகத் தடித்த பட்டைகள், அப்புறம் நீலமும் மஞ்சளுமாக மெல்லிய கோடுகள். நாலு நிமிஷத்துக்கு மேல் அந்தக் கீச்சொலி. ஒலி நின்றதும் தலைப்புப் படம் வந்தது. ‘ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தவும்’ என்ற வரியை நான் படித்து முடிப்பதற்குள் படம் மறைந்து கேம் தொடங்கிவிட்டது. நான் எதையும் தொடவில்லை. முதல் எதிரி வந்து மோதி ஒரு உயிர் போனது.

லேப்டாப்பில், ஸ்பெக்ட்ரம் மாதிரி நடிக்கும் புரோகிராமான எமுலேட்டரைத் திறந்து அதே ஃபைலை ஓட்டினேன். தலைப்புப் படம் அசையாமல் நின்றது. பொத்தானை அழுத்திய பிறகுதான் கேம் தொடங்கியது. ஒரு குறையும் இல்லை.

இந்த மாதிரி நேரத்துக்காகத்தான் நிஜ மெஷினை எடுத்து வைக்கிறோம். ஸ்பெக்ட்ரத்தை அணைத்துப் போட்டு, பேசிக் மொழியில் ஒரே ஒரு வரி அடித்தேன்: கீபோர்டைப் படிக்கும் வழியான 254-ஆம் போர்ட்டில் என்ன எண் வருகிறதென்று திரையில் காட்டு, மறுபடி அதையே செய். திரை முழுக்க 255, 255, 255 என்று வரிசையாக விழுந்தது. எமுலேட்டரில் அதே வரியை ஓட்டினால் 191. வித்தியாசம் 64. அதாவது ஒரே ஒரு பிட், பூஜ்யமாகவோ ஒன்றாகவோ இருக்கும் ஒரு இடம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஸ்பெக்ட்ரத்தில் கீபோர்டைக் கேட்டால் ஒரு பைட் பதிலாக வரும். அதன் எட்டு பிட்டில் கீழே உள்ள ஐந்துதான் பொத்தான்களுக்கு. பொத்தான் எதுவும் அழுத்தப்படாவிட்டால் ஐந்தும் ஒன்று, அழுத்தினால் அந்த பிட் பூஜ்யம். மேலே உள்ள மூன்றில் ஒன்று கேசட்டின் ஒலி உள்ளே வரும் வழி. கேசட் எதுவும் ஓடாதபோது அந்த பிட் என்னவாக இருக்கும் என்பது மெஷினுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டுக்குப் போர்டு மாறும். ‘இஷ்யூ 2’ என்று சொல்லப்படும் ஆரம்ப கால போர்டில் அது ஒன்றாக வரும், அடுத்து வந்த ‘இஷ்யூ 3’ போர்டில் பூஜ்யமாக வரும். என்னிடம் இருப்பது இஷ்யூ 2. எமுலேட்டர் நடிப்பது இஷ்யூ 3. கேமை எழுதியவர் எமுலேட்டரில் பார்த்து, ‘191 வந்தால் யாரும் எதையும் தொடவில்லை’ என்று எழுதிவிட்டார். என் மெஷினில் எப்போதும் 255 வருவதால், யாரோ பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பதாக அந்தக் கேம் நம்பியது.

திருத்தம் சின்னதுதான். வந்த பைட்டில் கீழ் ஐந்து பிட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறைத்துவிட்டு, அப்புறம் ஐந்தும் ஒன்றாக இருந்தால் வரும் 31-உடன் ஒப்பிட வேண்டும். அந்த மறைக்கும் கட்டளைக்கு ஆகும் இடம் இரண்டு பைட்.

ஆனால் கெடு முடிந்துவிட்டது. விதியில் ‘கெடுவுக்குப் பிறகு திருத்தம் ஏற்கப்படாது’ என்று எழுதியிருந்தது நான்தான்.

இந்தப் போட்டியை மூன்று பேர் நடத்துகிறோம். ஊர் கேம்பிரிட்ஜ். ஸ்பெக்ட்ரம் செய்த கிளைவ் சின்க்ளேரின் கம்பெனியும், பிபிசி மைக்ரோ செய்த ஏகார்ன் கம்பெனியும் இதே ஊரில்தான் இருந்தன. 1981-ல் பிபிசியின் கம்ப்யூட்டர் ஒப்பந்தத்துக்கு இரண்டு கம்பெனியும் மோதி, ஏகார்னுக்குக் கிடைத்தது. சின்க்ளேர் அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஸ்பெக்ட்ரத்தைக் கொண்டுவந்தார். 16 கிலோபைட் மெமரி உள்ள மெஷின் 125 பவுண்டு, 48 கிலோபைட் 175 பவுண்டு. ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்து டைமெக்ஸ் தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் செய்தார்கள். இன்றும் ஞாயிறு காலையில் இங்கே நடக்கும் பழைய சாமான் சந்தையில், கார் டிக்கியில் பரப்பி வைத்த பாத்திரங்களுக்கும் பொம்மைகளுக்கும் நடுவே எப்போதாவது ஒன்று கண்ணில் படும். என்னுடையது அப்படிக் கிடைத்ததுதான்.

எனக்கு முதலில் அறிமுகமானது ஸ்பெக்ட்ரம் இல்லை, பிபிசி மைக்ரோ. அதுவும் இங்கே இல்லை, மதுரையில். 1984-ல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற பெயரில் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் நாடு முழுக்கச் சுமார் 250 பள்ளிகள். கொடுத்த மெஷின் ஏகார்னின் பிபிசி மைக்ரோ. அதில் ஒன்று நான் படித்த பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாரத்துக்கு ஒரு பீரியட், ஒரு மெஷினுக்கு நாலு பேர். கரும்பலகையில் சார் எழுதிப்போடும் பேசிக் புரோகிராமை நோட்டில் எழுதிக்கொண்டு போய், முறை வரும்போது அடிப்போம். நான் நோட்டிலேயே ஒரு கேம் எழுத ஆரம்பித்தேன். கிணற்றுக்குள் விழும் கல்லை வாளியால் பிடிக்க வேண்டும். ஐந்தாறு பக்கம் எழுதினேன். வாரம் பத்து நிமிஷம் என் முறை வரும். அதில் பாதி அடிப்பதற்குள் மணி அடித்துவிடும். முழு ஆண்டுப் பரீட்சை வந்தது, வருஷம் முடிந்தது, கேம் முடியவில்லை.

கேம் முடியாமல் போவது எல்லாருக்கும் நடக்கிறது என்பது போட்டி நடத்த ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. பழைய கம்ப்யூட்டருக்கு கேம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேலை முடிந்து வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுதுகிறவர்கள். அவசரம் கிடையாது, கேட்பாரும் கிடையாது. அதனால் முக்கால்வாசி முடிந்த நிலையில் வருஷக்கணக்கில் கிடக்கும். ஒரு கெடு வைத்து, ‘இந்தத் தேதிக்குள் கொடுங்கள், நாங்கள் ஆடிப் பார்க்கிறோம்’ என்று சொன்னால் போதும், கேம் முடிந்து வந்துவிடுகிறது. இரண்டாம் வருஷம் ஒருவர் எட்டு வருஷமாகத் தொட்டும் தொடாமலும் வைத்திருந்ததை முடித்து அனுப்பினார். பரிசு என்னவென்றுகூட அவர் கேட்கவில்லை. போட்டியால் விளையும் உண்மையான பலன் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சரி, விதிகள். எதற்கு எல்லை வைப்பது என்பதுதான் முதல் கேள்வி, அதற்கு ஒவ்வொரு போட்டியும் ஒரு பதில் வைத்திருக்கிறது. ஜெர்மனியில் 2011-ல் தொடங்கிய பேசிக் பத்துவரிப் போட்டியில் முழு கேமும் பத்தே வரியில் முடிய வேண்டும். ஒரு வரிக்கு 80 எழுத்து, 120 எழுத்து, 256 எழுத்து என்று தனித்தனிப் பிரிவு. கொமடோர் 64 கம்ப்யூட்டருக்கு ஆர்ஜிசிடி என்ற அமைப்பு நடத்திய போட்டியில் எல்லை 16 கிலோபைட். அது சும்மா வைத்த எண் இல்லை, கேம் பதிந்த சின்னப் பெட்டியான சாதாரண கார்ட்ரிட்ஜ் ஒன்றை அந்த மெஷினில் செருகினால் அவ்வளவுதான் நேரடியாகத் தெரியும். ஸ்பெயினில் அலிகான்டே பல்கலைக்கழகம் 2013-ல் ஆம்ஸ்ட்ராட் சிபிசி கம்ப்யூட்டருக்கு ஒரு போட்டியைத் தொடங்கியது. அங்கே மாணவர்கள் பாடத்தின் பகுதியாகவே கேம் எழுதிப் போட்டிக்குக் கொடுத்தார்கள். எம்எஸ்எக்ஸ் என்ற வகைக் கம்ப்யூட்டர்காரர்கள் 2003-லேயே ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்பெக்ட்ரம்காரர்களிடம் 1996 முதல் ஒரு போட்டி உண்டு, வேண்டுமென்றே மட்டமான கேம் எழுத வேண்டும். அதில் வென்றவர்தான் அடுத்த வருஷம் போட்டியை நடத்த வேண்டும். நடத்த ஆள் கிடைக்காமல் நின்றுபோகும் போட்டிகளைப் பார்த்தவன் என்ற முறையில், இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியாது.

நாங்கள் எல்லை வைத்தது மெஷினின் மெமரியையே. ஸ்பெக்ட்ரம் 48, கொமடோர் 64, முதல் தலைமுறை எம்எஸ்எக்ஸ் என்று மூன்று மெஷின். கடையில் வாங்கிய நிலையில், கூடுதல் மெமரி எதுவும் செருகாமல் ஓட வேண்டும். 48 கிலோபைட் என்றால் கேட்க நிறைய மாதிரி இருக்கும். திரைக்கே 6,912 பைட் போய்விடும். மிச்சத்தில் படம், வரைபடம், இசை, கோட் எல்லாம் அடங்க வேண்டும். இப்போது போனில் எடுக்கும் ஒரு படத்துக்கே இதைப் போல எத்தனையோ மடங்கு இடம் வேண்டும்.

விதிகளில் அதிகம் சண்டை வந்தது கருவிகளைப் பற்றி. ஜோனதன் கால்ட்வெல் எழுதிய ஆர்கேட் கேம் டிசைனர் மாதிரியான கருவிகள் இருந்தால், சிப்புக்கு நேரடியாகக் கொடுக்கும் கட்டளைகளான மெஷின் கோட் தெரியாமலே ஸ்பெக்ட்ரத்துக்கு நல்ல கேம் செய்யலாம். எங்களில் ஒருவர், எண்பதுகளில் இங்கே பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்து ரிடையர் ஆனவர், அதை அனுமதிக்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்றார். ஒவ்வொரு பைட்டையும் கையால் எழுதியவரும், கருவியில் படம் வரைந்து அடுக்கியவரும் ஒரே தராசிலா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கருவி அறையை வரைந்து கொடுப்பதில்லை. எந்த அறையில் எதிரி எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு தூரம் தாவினால் விழாமல் போகலாம் என்று முடிவு செய்வது ஆள்தான். கருவியில் செய்த கேம்களில் ஒன்றிரண்டு எனக்குக் கையால் எழுதியவற்றைவிடப் பிடித்திருந்தன. கடைசியில் அனுமதித்தோம், எந்தக் கருவி என்பதைச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவர் அதற்கு அப்புறமும் தன் மனதை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் எல்லாவற்றையும் ஒழுங்காக ஆடிப் பார்க்கிறார்.

கெடு என்றால் எந்த ஊர் நேரம் என்பதையும் எழுதிவிட வேண்டும். முதல் வருஷம் எழுதவில்லை.

நிஜ மெஷினில் ஓட்டிப் பார்ப்பதுதான் பெரிய வேலை. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு குணம். எம்எஸ்எக்ஸில் படத்துக்குத் தனி மெமரி உண்டு, 16 கிலோபைட். அதை வீடியோ சிப் வழியாகத்தான் தொட முடியும். முதல் தலைமுறையில் இருக்கும் டிஎம்எஸ் 9918 சிப், திரையில் படம் வரைந்துகொண்டிருக்கும் நேரத்தில் நாம் கொடுக்கும் ஒவ்வொரு பைட்டுக்கும் நடுவே 29 கிளாக், அதாவது மெஷினின் 29 துடிப்பு, இடைவெளி கேட்கும். எம்எஸ்எக்ஸின் மூளையான இசட்80 சிப்பில் ஒரு தொகுதி பைட்டை மொத்தமாக அனுப்ப ஒரு கட்டளை இருக்கிறது, அது 23 கிளாக்குக்கு ஒரு பைட் வீதம் தள்ளிவிடும். இந்த அவசரத்தைக் கண்டுகொள்ளாத எமுலேட்டரில் படம் சுத்தமாக வரும். நிஜ மெஷினில் நடு நடுவே பைட் விழுந்துபோய், சுவரில் காரை பெயர்ந்த மாதிரி படத்தில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். அடுத்த தலைமுறை எம்எஸ்எக்ஸில் சிப் வேகமானது, அங்கே பிரச்சினை இருக்காது. எழுதியவர் அதில் சோதித்துவிட்டு ‘ஓடுகிறது’ என்று சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை.

கொமடோரில் வேறு கதை. ஐரோப்பிய மெஷின் வினாடிக்கு 50 முறை திரையை வரையும், அமெரிக்க மெஷின் 60 முறை. பெரும்பாலான கேம்களும் இசையும் அந்தத் துடிப்பை வைத்தே ஓடுகின்றன. அமெரிக்காவில் இருந்து வந்த ஒரு கேமை இங்கே ஓட்டியபோது, எல்லாமே தண்ணீருக்குள் நடப்பதுபோல் மெதுவாக இருந்தது. ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்திருந்தது. போதாததற்கு, ஒரு கோடு வரைய ஐரோப்பிய மெஷின் 63 கிளாக் எடுக்கும், அமெரிக்க மெஷின் 65. அதை எண்ணி எண்ணி நிறம் மாற்றியிருந்த இடமெல்லாம் கிழிந்து தெரிந்தது. அவர் ஊரில் அது அழகாக ஓடுகிற கேம். அதற்குப் பிறகு, எந்த வகை மெஷினுக்கு எழுதியது என்பதை விண்ணப்பத்திலேயே கேட்கிறோம், நடுவர்களும் அந்த வகையில்தான் ஆட வேண்டும்.

மதிப்பெண் போடுவதில் முதல் வருஷம் ஒரு தவறு செய்தோம். மூன்று மெஷினையும் ஒரே வரிசையில் வைத்தோம். கொமடோர் 64-ல் எட்டு ஸ்பிரைட்டை, அதாவது நகரும் உருவங்களை, சிப்பே நகர்த்திக் கொடுக்கும், திரையை வழுவழுப்பாக உருட்டுவதற்கும் சிப்பிலேயே வசதி உண்டு. ஸ்பெக்ட்ரத்தில் ஒன்றும் கிடையாது. 3.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட்80 ஒவ்வொரு புள்ளியையும் தானே வரைய வேண்டும். எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்குள் இரண்டே நிறம், ஆள் ஒரு மரத்தைத் தாண்டிப் போனால் மரத்தின் நிறத்தை வாங்கிக்கொள்வார். ‘காட்சி’ என்ற தலைப்பில் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் கொமடோர் எப்போதும் மேலே நிற்கும். ஸ்பெக்ட்ரத்தில் நாலு பெரிய உருவங்களை நடுங்காமல் நகர்த்திக் காட்டியவர் அந்த வருஷம் ஏழாவது இடத்தில் இருந்தார். அந்த மெஷினில் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்த யாரும் அவரை ஏழில் வைக்க மாட்டார்கள். அடுத்த வருஷமே மூன்று தனி வரிசையாக்கினோம். ‘காட்சி’ என்பதை ‘இந்த மெஷினில் இது’ என்று மாற்றினோம்.

நான் விடாப்பிடியாக இருக்கும் விதி ஒன்று உண்டு, அது போட்டியாளருக்கு இல்லை, நடுவருக்கு. வந்த ஒவ்வொரு கேமையும் கடைசி வரை ஆட வேண்டும், முடியாவிட்டால் குறைந்தது மூன்று தனித்தனி நாளில் ஆட வேண்டும். ஆடிவிட்டு எழுதியவருக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். எண் போதாது. எங்கே சிரித்தோம், எந்த அறையில் மாட்டிக்கொண்டோம், எந்தத் தாவல் நியாயமில்லை என்று எழுத வேண்டும். ஆறு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதிய ஒருவருக்கு ‘6.5’ என்று மட்டும் அனுப்புவது சரியில்லை. அந்தக் கேமை உலகத்தில் இருபது பேர் ஆடினால் அதிகம். அதில் மூன்று பேர் நாங்கள். போன வருஷம் வந்தது பதினேழு கேம். கடிதம் எழுதி முடிக்க இரண்டு மாதம் ஆனது. கடைசி இடத்தில் இருந்தவருக்குத்தான் நீளமான கடிதம் போனது. அவர் பேசிக்கில் எழுதியிருந்தார், மெதுவாக ஓடியது, ஆனால் கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் சுற்றி வரும் நேரத்தில் மட்டுமே பாறைகள் தெரியும் என்ற அந்த எண்ணம் வேறு யாருக்கும் வரவில்லை.

பரிசு கேசட்தான். முதல் பரிசு பெற்ற கேமை நிஜக் கேசட்டில் பதிந்து, அட்டை அச்சடித்து அனுப்புகிறோம். பதிவு செய்யும் டேப் ரிக்கார்டரின் ஹெட் துளி சாய்ந்திருந்தாலும் வேறு ரிக்கார்டரில் லோட் ஆகாது. சின்ன ஸ்குரூடிரைவரால் ஒலி கூர்மையாகக் கேட்கும் இடம் வரை திருகித் திருகிப் பார்க்க வேண்டும். இதை அந்த ரிடையர்டு ஆசிரியர் தவிர வேறு யாரும் செய்ய நாங்கள் விடுவதில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

மறுபடி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மாலையில் மூன்று பேரும் போனில் பேசினோம். ஒருவர், விதி விதிதான் என்றார். நான் அந்தக் கேமை எழுதியவரின் விண்ணப்பத்தைப் படித்துக் காட்டினேன். வயது பத்தொன்பது. தன் ஊரில் ஸ்பெக்ட்ரத்தை நேரில் பார்த்ததே இல்லை, எமுலேட்டரில்தான் எல்லாம் கற்றுக்கொண்டதாக எழுதியிருந்தார். இஷ்யூ 2, இஷ்யூ 3 என்ற வித்தியாசத்தை அவர் எங்கிருந்து தெரிந்துகொண்டிருக்க முடியும்? நம்மிடம் மெஷின் இருக்கிறது, அவரிடம் இல்லை. அந்தக் குறையைச் சரிக்கட்டுவது நம் வேலைதானே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஆசிரியர் சொன்னார், கெடுவுக்குப் பிறகு ஒரு வாரம் வைப்போம், நிஜ மெஷினில் மட்டும் தெரியும் பிழைகளை நாம் கண்டுபிடித்துச் சொல்வோம், அதை மட்டும் திருத்தலாம், எல்லாருக்கும் பொதுவாக. அன்று முதல் அது விதி.

கேமை அனுப்பியவருக்கு எழுதினேன். என் திரையில் விழுந்த 255-களைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். நாற்பது நிமிஷத்தில் புது ஃபைல் வந்தது. கூட ஒரு வரி: இரண்டு பைட் கூடிவிட்டது, மன்னிக்கவும்.

மறுபடி ஒயரைச் செருகி, வால்யூமை ஏற்றி, லோடு கொடுத்தேன். பட்டைகள் ஓடி முடிந்தன. தலைப்புப் படம் வந்து நின்றது. நான் கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தேன், படம் அப்படியே நின்றது. பொத்தானை அழுத்தினேன், கேம் தொடங்கியது. முதல் அறையை மகள் போனில் வீடியோ எடுத்து அவருக்கு அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது. நன்றி சொல்லிவிட்டு ஒன்று கேட்டிருந்தார்: லோட் ஆகும் அந்த நாலு நிமிஷத்தையும் வெட்டாமல் எடுத்து அனுப்ப முடியுமா?